தேன் நிறத்தில் வந்த எண்ணெய்

பிரவீன்,

வண்டி கம்பெனியில் சர்வீஸ் வேலைக்காக ஓசூர் போய்ச் சேர்ந்த அன்றைக்கே போன் செய்தாய். அறை கிடைத்துவிட்டது, ஜன்னலைத் திறந்தால் குளிர்கிறது, கேன்டீன் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று எல்லாம் சொன்னாய். போனை வைக்கப் போகும்போதுதான் அதைச் சொன்னாய். "அம்மா, இன்டர்வியூல உன் பாட்டில் கதையைத்தான் சொன்னேன். மூணு ஆபீசரும் அசந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு கேள்விகூடக் கேக்கல." நான் "சாப்டியாடா" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அதற்கு முந்தின நாள் தாம்பரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது நீ இன்னொன்றும் சொல்லியிருந்தாய். சுந்தர் உன்னைத் தேடி வந்தானாம். எங்கேயோ ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டியாக இருக்கிறானாம். நம் ஷெட்டில் ஒரு வேலை கேட்டானாம். "பாவம்மா அந்த ஆளு. நீதான் ஜெயிச்சிட்டியே, மன்னிச்சு விட்டுடேன்" என்றாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ ஏதாவது சொல்வாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.

அம்மா மனம் மாறிவிட்டாள், மன்னித்துவிட்டாள் என்று எழுதியிருக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்காதே. அப்படி ஒன்றும் இதில் இல்லை. ஆனால் நீ அந்த மூன்று ஆபீசர்களிடம் சொன்ன கதை உண்மையில்லை. அதை நீ என் வாயால் கேட்பதுதான் சரி.

உன் அப்பா தவறிப்போனபோது நீ ஏழாவது படித்தாய். மாடம்பாக்கத்தில் அவர் வைத்திருந்த பைக் ரிப்பேர் ஷெட்டை இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஸ்பேனர் செட், ஜாக்கி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பெரும்பாக்கம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கேம்பஸில் தோட்ட வேலைக்குப் போனேன். களை பிடுங்குவது, தண்ணீர் விடுவது. இரண்டு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் புல் வெட்ட உட்கார்ந்து ஓட்டுகிற டிராக்டர் ஒன்று வாங்கினார்கள். ஆண்கள் நாலு பேர் இருந்தார்கள், ஒருத்தரும் தொட வரவில்லை. ஏதாவது ஆனால் நம் தலையில் கட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. நான் ஓட்டுகிறேன் என்று கையைத் தூக்கினேன். எட்டு வருஷம் உன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போல்ட் எடுத்துக் கொடுத்தவள், ஒரு வண்டிக்கு என்ன வேண்டும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த வண்டியில் ஏறி முதல் ரவுண்டு போனபோது, அவர் போனதற்குப் பிறகு முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

புது வண்டி ஐம்பது மணி நேரம் ஓடினதும் டிரான்ஸ்மிஷன், அதாவது சக்கரத்தைச் சுற்றவைக்கிற பெட்டியின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும் என்று அதன் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. முதல் ஐம்பது மணி நேரத்தில்தான் உள்ளே இருக்கும் பற்கள் உரசி இரும்புத் தூள் விழும். அதை எடுக்காமல் விட்டால் அந்தத் தூளே மீதியைத் தின்றுவிடும். வாரன்டி இரண்டு வருஷம். டீலர் கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் என்று சுந்தர் வந்தான். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். ஆயில் கேனும் ஃபில்டர் டப்பாவும் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் வைத்தான். டீ குடித்தான். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சர்வீஸ் புத்தகத்தில் சீல் குத்திவிட்டுக் கிளம்பினான். நான் குனிந்து பார்த்தேன். ஆயில் இறக்குகிற போல்ட்டின் மேல் ஃபேக்டரியில் போட்ட மஞ்சள் பெயின்ட் கோடு அப்படியே இருந்தது. போல்ட்டைத் திருப்பியிருந்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும். மேனேஜரிடம் சொன்னேன். "வாரன்டி வண்டிம்மா. அவங்க பாத்துப்பாங்க. நீ ஓட்டுறதோட நிறுத்திக்கோ" என்றார்.

இரண்டு மாதத்தில் வண்டி முனக ஆரம்பித்தது. கேம்பஸுக்குப் பின்னால் குளத்துக்குக் கரை கட்டி அதில் புல் வளர்த்திருந்தார்கள். காலையில் அந்தச் சரிவில் ஏறிவிடும். மதியம் எண்ணெய் சூடானதும் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் இழுக்காது. நாலு தடவை சுந்தருக்குப் போன் செய்தேன். "புது வண்டி அப்படித்தான் சத்தம் போடும்மா, பழகிடும்" என்றான். ஒரு நாள் சரிவின் பாதியில் நின்று வண்டி தானாகப் பின்னால் வர ஆரம்பித்தது. கீழே என்னோடு தோட்ட வேலை செய்த தேவி குனிந்து புல்லை வாரிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "இன்னாக்கா, வண்டி பின்னால வருதே!" என்று கூடையைப் போட்டுவிட்டுத் தாவினாள். அந்தக் கூடை சக்கரத்துக்கு அடியில் போய்த் தட்டையாகிவிட்டது. தேவிக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் அதைச் செய்தேன். ஸ்டோர் ரூமில் அவன் விட்டுப்போன கேனும் ஃபில்டரும் பிரிக்காமல் கிடந்தன. சாக்கிலிருந்து அப்பாவின் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போனேன். பின்சக்கரங்களைத் தூக்கிக் கட்டை கொடுத்து, போல்ட்டைக் கழற்றினேன். மை மாதிரி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கியது. ஃபில்டரை மாற்றி, புத்தகத்தில் போட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுகிறவரை பெடலை முன்னும் பின்னும் மெதுவாக, மெதுவாக அழுத்தினேன். அப்புறம் கரையில் ஏற்றிப் பார்த்தேன். முனகல் போன இடம் தெரியவில்லை. அன்றைக்கு நான் இரண்டு முட்டாள்தனம் செய்தேன். பழைய ஆயிலைக் கழிவு டிரம்மில் கொட்டினேன். அப்புறம் வண்டி தினம் எவ்வளவு ஓடியது என்று எழுதுகிற லாக் புத்தகத்தில் தேதி போட்டு, "டிரான்ஸ்மிஷன் ஆயில் மாற்றினேன்" என்று கையெழுத்தும் போட்டேன். நல்ல வேலை செய்தவள் பெயரை எழுதி வைப்பாள் அல்லவா, அந்த நினைப்பு.

கொஞ்ச நாளில் பிளேடு பக்கம் ஒரு பேரிங் போனது. டிரான்ஸ்மிஷனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாரன்டியில் மாற்றித் தர சுந்தர் வந்தான். லாக் புத்தகத்தைப் புரட்டினான். என் எழுத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு பயம் வந்ததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் நேராக மேனேஜர் அறைக்குப் போய், கம்பெனி ஆள் அல்லாத ஒருத்தர் டிரான்ஸ்மிஷனைத் திறந்துவிட்டார், இனி வாரன்டி கிடையாது என்று சொன்னான். என்னைக் கூப்பிட்டார்கள். அவன் மாற்றவே இல்லை, அதனால்தான் நான் மாற்றினேன் என்றேன். மேனேஜர் சர்வீஸ் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "கம்பெனி சீல் இருக்கு. நீ எதை வெச்சுச் சொல்ற?" மஞ்சள் கோடு என்றேன். அந்தக் கோட்டை நானேதான் உடைத்திருந்தேன். பழைய எண்ணெய் எங்கே என்றார். அதையும் நானேதான் கொட்டியிருந்தேன். தேவி வாசலில் நின்று அழுதாள். சுந்தர் மேனேஜரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். "களை புடுங்குற அம்மாவுக்கு ஹைட்ராலிக்ஸ் பத்தி என்ன சார் தெரியும்?" அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

உனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். லிஃப்ட் ஓடவில்லை, எட்டு மாடி ஏறி வந்தேன். ஏன் சீக்கிரம் வந்துட்டே என்று கேட்டாய். லீவு என்றேன். நீ ஒன்பதாவது. லீவு என்று நம்பி, பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாய். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரே ஒரு முடிவு செய்தேன். அழுகிற முடிவு இல்லை அது. இந்த ஆளை இந்தத் தொழிலில் நிற்க விடக் கூடாது. அவ்வளவுதான்.

அப்பாவின் ஸ்பேனர்களை வைத்து நான் ஆரம்பித்த புல் வெட்டும் வண்டி ரிப்பேர் ஷெட் எப்படி வளர்ந்தது என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாய். உழைப்பு என்பாய். உழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் யாரிடம் போய் வேலை கேட்டேன் என்று நீ கவனித்தது இல்லை. அந்த டீலரின் ஸ்டிக்கர் ஒட்டின வண்டி எங்கே நின்றதோ அங்கே மட்டும்தான் போனேன். வேறு கம்பெனி வண்டிக்காரர்கள் கூப்பிட்டபோது கைவசம் ஆள் இல்லை என்றேன். சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி மாறிப் போய், ஸ்கூல், கல்யாண மண்டபம், வில்லா காலனி, எங்கே புல்தரை இருந்ததோ அங்கே கேட்டில் நின்றேன். வண்டிக்குச் சொந்தக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு போல்ட்டைக் கழற்றுவேன். வருகிற எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து சீலுக்குப் பக்கத்தில் வைப்பேன். "போன மாசம் மாத்தினதா இதுல போட்டிருக்கு சார். நீங்களே பாருங்க." ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டேன். எட்டு இடத்தில் அப்படிச் செய்தேன், எட்டிலும் மை நிறம்தான். ஒவ்வொரு தடவையும் அவர்கள் கோபமாக அந்தக் கம்பெனிக்குப் போன் செய்வதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். பாயசம் குடிப்பது மாதிரி இருந்தது. உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று நான் வராதது, ஒரு ரிசார்ட்டில் இப்படி ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான். அவசர வேலை என்று உன்னிடம் சொன்னேன். அவசரம் எதுவும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை நாளைக்குத் தள்ளிப்போட எனக்கு மனசு வரவில்லை.

ஒன்பதாவது இடம்தான் உன் கதையில் வருகிற அந்தக் காலேஜ். மூன்று வண்டி வைத்திருந்தார்கள். சுந்தரின் கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் மிச்சம் இருந்த பெரிய இடம் அது ஒன்றுதான். காலேஜை நடத்துகிற கரெஸ்பான்டன்ட் கறாரான மனிதர். "அந்த சுந்தர் இப்ப ஒழுங்கா வர்றாரும்மா. இருந்தாலும் நீங்க இவ்வளவு சொல்றீங்க, ஒண்ணைத் திறந்து காட்டுங்க" என்றார். போல்ட்டைக் கழற்றினேன், பிரவீன். தேன் மாதிரி வந்தது. சுத்தமான, புது எண்ணெய். நான் எட்டு இடத்தில் பிடித்துக் கொடுத்த பிறகு அவனுக்குப் பயம் வந்து ஒழுங்காக மாற்ற ஆரம்பித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து, கரெஸ்பான்டன்ட் குனிந்து பார்ப்பதற்குள், அவருக்கு ஒரு போன் வந்தது. திரும்பி நின்று மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார். என் பையில், முன்பு வேறு இடத்தில் பிடித்து, காட்டுவதற்காக வைத்திருந்த பாட்டில் இருந்தது. தட்டில் இறங்கின நல்ல எண்ணெயைக் கழிவு கேனில் ஊற்றினேன். கறுப்புப் பாட்டிலை எடுத்து வண்டிக்கு அடியில் வைத்தேன். யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. கை தானாகச் செய்தது என்று சொன்னால் அதுவும் பொய். நான்தான் செய்தேன்.

சுந்தரை வரச் சொன்னார்கள். பைக்கில் வேர்க்க வேர்க்க வந்தான். கூலிங் கிளாஸ் எல்லாம் இல்லை. பாட்டிலைப் பார்த்ததும் முழித்தான். "சார், சத்தியமா இந்த வண்டிக்கு நானே என் கையால மாத்தினேன் சார். போன வாரம்தான்." அப்புறம் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க சொல்லுங்க. திறந்தது நீங்கதானே, என்ன வந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமே." நான் துணியில் கையைத் துடைத்தேன். "எண்ணெய் பாட்டில்ல இருக்கு சார்" என்று கரெஸ்பான்டன்டிடம் சொன்னேன். அந்த வாரமே அவன் கம்பெனியில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். மூன்று வண்டியும் நம்மிடம் வந்தன. வீட்டுக்கு வந்து, அவன் மாட்டிக்கொண்டான் என்று மட்டும் உன்னிடம் சொன்னபோது நீ கைதட்டிச் சிரித்தாய். இந்தக் கதையைத்தான் ஓசூரில் சொல்லி வேலை வாங்கியிருக்கிறாய்.

நீ போன மறுநாள் அவன் ஷெட்டுக்கு வந்தான். செக்யூரிட்டி யூனிஃபார்ம். தலை நரைத்திருந்தது. உட்காருங்க என்று ஸ்டூலைத் தள்ளினேன். மனசுக்குள் எத்தனை வருஷமாக அவன் இவன் என்று பேசினாலும் நேரில் வாங்க போங்க என்றுதான் வருகிறது. பையன் சொல்லியிருப்பான், வேலை விஷயமா வந்தேன் என்றான். தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அக்கா, அந்தக் காலேஜ் வண்டிக்கு நான் ஆயில் மாத்தினேன்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன், எங்கேயோ குழப்பம் நடந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருக்கிறான். தெரிந்தே செய்தேன் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. உன்னிடம் மறைக்கப் போவதில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. அவன் எனக்குச் செய்ததை நான் யாரிடமாவது சொல்ல வாயைத் திறந்தால், அவனும் திருப்பிச் சொல்ல இப்போது ஒன்று இருக்கிறது. அதுவும் உண்மை. என் கை சுத்தமாக இருந்தால்தானே அவன் சட்டையைப் பிடிக்க முடியும். இதில் நீ வேறு, அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று சம்பளம் வாங்கப் போகிறாய்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனேன். கரெஸ்பான்டன்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் எங்கேயிருந்து வந்தது, நல்ல எண்ணெயை எங்கே ஊற்றினேன், இவர் சொன்னது உண்மை என்று எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தனை வருஷம் கழிச்சு ஏம்மா?" என்றார். பையனுக்கு வேலை கிடைச்சிருக்கு சார் என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ. "இனிமே நீங்க இங்க வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். சரி என்று எழுந்து வந்தேன். மூன்று வண்டியும் போனது. போகட்டும்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் சுந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ரொம்ப நன்றிக்கா. பழசெல்லாம் இதோட முடிஞ்சுது. எப்ப வேலைக்கு வரட்டும்?" என்றான். "என்னோடது முடிஞ்சுது" என்றேன். "உங்களோடது எங்க முடிஞ்சுது? சிறுசேரிக்குப் போங்க. மாத்தாமலே சீல் குத்தினேன், மாத்தினவங்களைத் திருடி மாதிரி வெளிய அனுப்ப வெச்சேன்னு சொல்லுங்க." அந்த மேனேஜர் எல்லாம் போய்விட்டார்களே, யாரிடம் சொல்வது என்றான். "தேவி இன்னும் அங்கதான் வேலை செய்யறா. அவ முன்னாடி சொல்லுங்க." சொன்னால் வேலை தருவீர்களா என்று கேட்டான். சொல்லிட்டு வாங்க, அப்புறம் யோசிக்கிறேன் என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. பஸ் ஏறிப் போய்விட்டான்.

உன் ஆபீசர்களிடம் நீ இதைச் சொல்வதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். வேலை உன்னுடையது, நீ முடிவு செய். ஆனால் அந்தக் கதையை இனி எங்கேயும் சொல்லாதே. நாளைக்கு உன் கையிலும் ஒரு சீல் கொடுப்பார்கள். வெயிலாக இருக்கும், பசிக்கும், அடுத்த இடத்துக்கு நேரமாகியிருக்கும், வண்டி புதுசுதானே என்று தோன்றும். போல்ட்டைத் திருப்பாமல் குத்தாதே. வாரன்டி இருக்கிற வண்டியில் உன்னைவிட வேலை தெரிந்த ஒருத்தர் ஏற்கனவே கை வைத்திருந்தால், அவரை மாட்டிவிடாதே, முதலில் ஏன் என்று கேள். சுந்தர் அன்றைக்கு ஏன் என்று ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் நான் இன்றைக்கும் அந்தக் கரையில் புல் வெட்டிக்கொண்டிருப்பேன். அவனும் வெள்ளைச் சட்டையில் இருந்திருப்பான்.

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, சிறுசேரி கேட்டுல நிக்கிறேன். தேவியம்மாவைக் கூப்பிட்டு விட்டிருக்காங்க." சரி, போனைக் கட் செய்யாமல் கையிலேயே வைத்திருங்கள் என்றேன். ஷெட்டில் கம்ப்ரெசரை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பஸ் ஹாரன் கேட்டது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் தேவியின் குரல். கொஞ்சமும் மாறவில்லை. "யாரு சார் நீங்க? இன்னா வோணும்?" அவன் ஏதோ முணுமுணுத்தான். என் பெயர் மட்டும் கேட்டது. மீதியெல்லாம் காற்றில் போனது. நான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க சுந்தர்" என்றேன். "எனக்குக் கேக்கல."

அம்மா